ஞானப் பிள்ளை வீட்டு விலை

1

அன்புள்ள கிளாரா,

இதை நீ மெதுவாகப் படி. தம்பி தொமா தமிழ் எழுத்தில் திணறுவான், நீயே படித்துக் காட்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தோம். நீ உன் வேலை விண்ணப்பத்தைப் படித்துக் காட்டினாய். ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியில், போட்டிக் கடைகளின் விலையைக் கவனித்துத் தங்கள் விலையை முடிவு செய்யும் பிரிவில் பயிற்சிக்கு எழுதியிருந்தாய். பிரெஞ்சில் எழுதியதை எனக்காக நிறுத்தி நிறுத்திப் படித்தாய். நடுவில் ஒரு வரி வந்தது. "என் தந்தை இதே வேலையைக் காகிதமும் பென்சிலும் வைத்துச் செய்தவர். கவனிப்பதை அவரிடம்தான் கற்றேன்" என்று.

அம்மா சிரித்தாள். தொமா கை தட்டினான். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். நீ பின்னால் வந்து, "அப்பா, சா வா? நல்லா இருக்கியா?" என்று கேட்டாய். காரம் என்றேன். அன்றைக்குக் குழம்பில் காரமே இல்லை.

அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்திய உன் ஞானத்தகப்பன் சவரி அண்ணனுக்கு, நீ பெரியப்பா என்று கூப்பிட்ட அந்த மனிதருக்கு, நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த முறை நான் மட்டும் புதுச்சேரிக்கு வந்தேன். வீட்டுப் பத்திர வேலை என்று உங்களிடம் சொன்னது பொய்.

அரியாங்குப்பத்தில் உன் சித்தப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நம் கோயில் மலருக்கும் கொடுக்கப் போகிறேன். இங்கே என்னைப் 'பாரிஸ்காரர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களும் படிக்கட்டும். நான் பத்தாவதுக்கு மேல் போகாதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

2

சவரி அண்ணன் நமக்கு ரத்த சொந்தம் இல்லை. என் அப்பாவும் அவர் அப்பாவும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். மில் மூடிய பிறகு அண்ணன் எப்படியோ பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். பத்து வருஷம் கழித்து நான் போனேன். உன் அம்மா ரொசாலியின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அதனால் அவளுக்குக் குடியுரிமை. அவளைக் கட்டிக்கொண்ட தகுதியில்தான் நான் விமானம் ஏறினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வார்த்தை அப்போது நாற்பது இருக்கும். அதில் பாதி சர்ச்சில் கேட்டது.

பிறப்புச் சான்றிதழில் நான் ஆரோக்கியசாமி. பாஸ்போர்ட்டில் வெறும் ஆரோக்கியம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று குடியிருப்பு அனுமதி கொடுக்கும் பிரெஃபெக்தூர் ஆபீசில் நிரூபிக்க ஏழு மாதம் ஆயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள், "இன்றைக்கு இரண்டு பேரில் யார் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். நான் பயந்துபோய் "உய்", ஆமாம், என்றேன். ஒவ்வொரு முறையும் சவரி அண்ணன்தான் கடையைப் பிலோமின் அண்ணியிடம் விட்டுவிட்டு என்னோடு வரிசையில் நின்றார். குளிரில் காதைப் பொத்திக்கொண்டு, "எட்டு நாள்ல முடியிற வேலடா இது, ஒம் பேரு நீளம், அதான் லேட்டாவுது" என்று சிரிப்பு காட்டுவார்.

அந்தக் கடை உனக்கு ஞாபகம் இருக்கும். ரயில் நிலையத்துக்கு எதிரே, இரண்டு கதவு அகலம். மூன்று பேர் உள்ளே நின்றால் நாலாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். வியாழக்கிழமை விமானத்தில் வந்த முருங்கைக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலை எல்லாம் சேரும். பின்னறையில் சனிக்கிழமைதோறும் அண்ணி உங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பார். நீ முதன்முதலில் 'அ' போட்டது ஒரு பொன்னி அரிசி அட்டையின் முதுகில்.

அங்கே காய்கறிப் பெட்டியில் விலைச் சீட்டு இருக்காது. கல்லாவில் நிற்கும் அண்ணன் ஆளைப் பார்த்து வாயால் சொல்வார். வழிப்போக்கருக்கு ஒரு விலை. வாரா வாரம் வருகிறவருக்கு ஒரு விலை. மூன்றாவதாக ஒரு விலை இருந்தது. அது நமக்கு மட்டும். ஞானப் பிள்ளை வீட்டில் லாபம் வைக்கக் கூடாது என்பது ஊரில் பழைய காலத்து வழக்கமாம். அவருக்கு ஞானப் பிள்ளை நீ ஒருத்திதான். முருங்கைக்காய் வாரா வாரம் வருகிறவருக்குக் கிலோ ஒன்பது யூரோ என்றால் நமக்கு ஆறு. ஆறு என்பது அவர் மொத்தச் சந்தையில் கொடுத்த காசு.

"அண்ணா, போன வாரமும் ஆறுதான் சொன்ன. ஏத்தலையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ ஒனக்கா வாங்குற? என் பொண்ணுக்கு வாங்குற. கணக்கு கேக்காம தூக்கினு போ."

3

நான் வேலை பார்த்த பெரிய கடையை உனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே, கார் நிறுத்தவே ஒரு மைதானம் வைத்திருந்தார்கள். விடியற்காலையில் அலமாரியில் சாமான் அடுக்குவது என் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். நிரந்தர வேலைக் காகிதம் இல்லாதவனுக்கு நல்ல வீடு வாடகைக்குக் கிடைக்காது. நாம் நால்வரும் ஒரே அறையில் படுத்திருந்தோம்.

அப்போது அந்தக் கம்பெனி ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சின்னக் கிளை திறக்க முடிவு செய்தது. நம் மக்கள், ஆப்பிரிக்கர்கள், அரபுக்காரர்கள் குடியிருக்கும் இடம். அதுவரை அவர்கள் கால் வைக்காத இடம். நம் காய்கறிக்கென்றே ஒரு வரிசை வைக்கப் போகிறார்களாம். அதற்குமுன் சுற்றியுள்ள கடைகளின் விலை தெரிய வேண்டும். இரண்டு பிரெஞ்சுப் பையன்களை அனுப்பினார்கள். அண்ணன் கடையில் சீட்டு இல்லாததால் அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கை குலுக்கித்தான் பேசுவார். "அந்தக் கடைக்காரரை உங்களுக்குத் தெரியுமாமே?"

"உய்."

"இந்தப் பட்டியலுக்கு விலை கேட்டு வர முடியுமா?"

"உய்."

பிரெஞ்சில் 'உய்' சொல்வது எனக்குச் சுலபம். 'நோன்', முடியாது என்றால் அதற்குப் பின்னால் காரணம் சொல்ல நாலு வாக்கியம் வேண்டும். அந்த நாலு வாக்கியம் என்னிடம் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் கண் அவர் மேசை மேல் இருந்த கோப்பிலேயே இருந்தது.

வியாழக்கிழமை மதியம் போனேன். ஐம்பது பொருள். பட்டியலைக் காட்ட முடியாதே, பத்துப் பத்தாக மனப்பாடம் செய்துகொண்டு விலை கேட்டேன். பிறகு பஸ் நிறுத்தத்துக்குப் போய் எழுதிக்கொண்டு, எதையோ மறந்தவன் போலத் திரும்பி வந்தேன். அப்படி ஐந்து தடவை.

"இன்னாடா, கடையையே வெலைக்கு வாங்கப் போறியா?" என்றார் அண்ணன்.

"ரொசாலி பட்டியல் போடச் சொன்னாணா."

பின்னறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "யாருக்குக் கல்யாணமாம்? எங்களுக்குப் பத்திரிகை இல்லியா?"

ஐந்தாவது தடவை உள்ளே வந்தபோது அண்ணன் எனக்கு ஒரு தம்ளர் டீ ஊற்றி வைத்திருந்தார். "அலையிறியே, குடிச்சிட்டு அலை" என்றார். குடித்தேன். குடித்துவிட்டு மீதிப் பத்துக்கும் விலை கேட்டேன்.

அவர் சொன்னது எல்லாம் நம் வீட்டு விலை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று இங்கே எழுதிவிட்டால் சுலபம். உறைத்தது. பஸ் நிறுத்தத்தில் எட்டாவது பொருளை எழுதும்போதே உறைத்தது. இது உலகத்துக்குச் சொல்கிற விலை இல்லையே, உன் பெயரால் எனக்குச் சொல்கிற விலையாயிற்றே என்று பென்சில் நின்றது. ஆனால் மற்றவர்களுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று ஐம்பது பொருளுக்கும் எனக்குத் தெரியாது. வெறும் தாளோடு போகவும் பயம். எழுதினேன். மேலாளரிடம் கொடுக்கும்போது ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குறைவா?" என்று புருவத்தைத் தூக்கினார். நான் "உய்" என்றேன்.

4

கிளை திறந்த அன்று வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். முருங்கைக்காய் கிலோ ஐந்தரை. அந்தக் கம்பெனி எல்லாவற்றையும் நேரடியாக, கப்பல் கப்பலாக இறக்குகிறது. ஐந்தரைக்கு விற்றாலும் அவர்களுக்குக் கையைக் கடிக்காது. கடித்தாலும் ஒரு வருஷம் தாங்குவார்கள். அண்ணனால் அவ்வளவு நாள் தாங்க முடியாது.

ஆனால் அவரை முதலில் அடித்தது நஷ்டம் இல்லை. அந்தச் சனிக்கிழமை நான் கூடையோடு கடையில் நின்றுகொண்டிருந்தேன். வாரா வாரம் வருகிற ஒரு அம்மாள், நம் ஊர்க்காரர்தான், உள்ளே நுழையும்போதே சத்தம் போட்டார்.

"பெரிய கடக்காரன், யாரு பெத்த புள்ளயோ, அவன் அஞ்சரைக்குக் குடுக்குறான். நீ ஊர்க்காரன் ஊர்க்காரன்னு பல்ல காட்டிக்கினு ஒம்போது புடுங்கினியே. இத்தினி வருசமா எவ்ளோ அடிச்சிருப்ப?"

கடையில் இருந்த எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் என்ன சொல்ல முடியும்? ஒன்பதில் வாடகை, வண்டி, வரி எல்லாம் இருக்கிறது என்று ஒரு கோபக்காரருக்கு விளக்க முடியுமா? "இனிமே அஞ்சரைக்கே எடுத்துக்கோங்கம்மா" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு கிலோவிலும் அவர் கைக்காசு போயிற்று.

என் முறை வந்தது. எடை போட்டுவிட்டு, "ஆறு" என்றார். எனக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் ஐந்தரை சொன்னவர், எனக்கு ஆறு சொன்னார். பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து மாதத்தில் கடை மூடியது. அடுத்த மாதமே பலகையில் முருங்கைக்காய் பதினொன்று ஆனது. சத்தம் போட்ட அந்த அம்மாள் பதினொன்று கொடுத்து வாங்கிக்கொண்டு போனதை நான் அலமாரி அடுக்கிக்கொண்டே பார்த்தேன். ஆமாம், அந்தக் கிளைக்குத்தான் என்னை மாற்றியிருந்தார்கள், நிரந்தர வேலைக் காகிதத்தோடு. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் இப்போதுள்ள வீடு கிடைத்தது. நீ கதவைச் சாத்திக்கொண்டு படித்த அறை அதில் வந்தது.

அண்ணனும் அண்ணியும் ஊருக்கே திரும்பினார்கள். விமான நிலையத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நீ அழுதாய். எனக்கு டியூட்டி என்றேன். அன்றைக்கு எனக்கு விடுமுறை.

5

இங்கே வந்ததும் உன் சித்தப்பாவிடம் அண்ணன் எங்கே என்று விசாரித்தேன். "கருவடிக்குப்பம் பக்கம் புதுசா ஒரு பெரிய கடை வந்திருக்கில்ல, அதுல நிக்கிறாருணா" என்றான். சரக்கு வாங்க நிற்கிறார் என்று நினைத்தேன்.

அதுவும் நான் வேலை பார்த்தது போன்ற பெரிய கடைதான். குளிர் காற்று, தள்ளுவண்டி, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த காய். சும்மா போகக் கூடாதென்று ஒரு பாக்கெட் முருங்கைக்காய் எடுத்தேன். வெளியே போகும் வாசலில், நீலச் சட்டை போட்ட ஒரு வயதானவர் ஒவ்வொருவர் பில்லையும் வாங்கி, பையை எட்டிப் பார்த்து, ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பில்லைக் கையில் வாங்கிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"இன்னாடா ஆரோக்கியம், பாரிசுலேர்ந்து வந்து முருங்கக்காய பிளாஸ்டிக்குல வாங்குற?"

பின்னால் ஆட்கள் நின்றார்கள். "ஒரு மணிக்கு ஷிப்ட் முடியிது. வெயில்ல நிக்காத, அந்தப் பக்கம் ஒக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பில்லுக்குக் கையை நீட்டினார். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சம்பாதித்த மரியாதையெல்லாம் போய், யாரோ ஒருவன் ஒரு சோப்பை மறைத்து எடுத்துப் போகிறானா என்று பார்க்கிற வேலை. இதை நான் அவருக்குப் பட்ட கடன் என்றுகூடச் சொல்ல முடியாது. கடனென்றால் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்.

ஷிப்ட் முடிந்ததும், தன் வீட்டுக்குப் போக வண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விமானம் ஏறி வந்தவன், கடைசியில் அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். பட்டியல், பஸ் நிறுத்தம், நம் வீட்டு விலை, எல்லாம். வண்டி வேகம் குறையவில்லை.

"தெரியும்டா."

"எப்பிடிணா?"

"அந்த வெலைய ஒன்னத் தவிர யாருக்குச் சொன்னேன்? அம்பது சாமானுக்கும் அதுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிப் போட்டிருந்தான். பலகையப் பாத்ததுமே எனக்கு ஒம் மூஞ்சிதான் தெரிஞ்சிது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லம்ப. ஒன்னப் பொய் சொல்ல வெச்சி எனக்கு இன்னா ஆவப் போவுது? ஒரு தடவ கேட்டேன். எல்லாருக்கும் அஞ்சர சொல்லிட்டு ஒனக்கு ஆறு சொன்னேன். வாயத் தொறப்பன்னு பாத்தேன். நீ எண்ணி வெச்சிட்டுப் போய்ட்ட."

பிறகு அவரே தலையைத் திருப்பாமல் சொன்னார். "பிலோமின்கிட்ட உளறிடாத. அவளுக்குத் தெரியாது. நான் ஆசப்பட்டு வெல ஏத்தி வித்தேன், அதான் சனம் காறித் துப்பிச்சின்னு நெனச்சினு இருக்கா. நெனச்சிட்டுப் போறா. நீ சாப்ட்டு கெளம்பு."

6

அண்ணி என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. "கிளாரா எப்பிடி கீறா? தமிழ் படிக்கிறாளா, மறந்துட்டாளா? வஞ்சிரம் வாங்கியிருக்கேன், சாப்புடாம போனா காலை ஒடிப்பேன்" என்றார். நீ இன்னும் படிக்கிறாய் என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

பேச்சு எப்படியோ அங்கே வந்து நின்றது. அண்ணி அண்ணனைக் காட்டி, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இவுரு மட்டும் ஆசைய அடக்கியிருந்தா நானும் அங்கியே ஒன் புள்ளைங்களப் பாத்துக்கினு இருந்திருப்பேன். ஒம்போது யூரோவுக்கு ஆசப்பட்டாரு. பூச முடிஞ்சி வெளிய வந்தா, கொள்ளக்காரன் பொண்டாட்டி போறான்னு என் காதுபட சொன்னாங்க ஆரோக்கியம். மறக்குமா?"

அண்ணனும் சிரித்தார். பல நாள் பழகிய சிரிப்பு. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"அண்ணி, அண்ணன் ஆசப்படல. கடையக் கெடுத்தது நான்" என்றேன்.

முழுதும் சொன்னேன். டீ குடித்ததையும் விடவில்லை. முடித்ததும் அண்ணி என்னை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினா நான் திட்ட திட்ட கேட்டுக்கினு இருந்தீங்க?"

"சொல்லியிருந்தா அந்தப் பொண்ண சனிக்கெழம கடைக்குள்ள விட்டிருக்க மாட்ட. அது இன்னா பண்ணிச்சி?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். "கிளாராவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"அது அவ வெல. அவ பேரால இவுரு குடுத்தது. அவளுக்குத் தெரியணும். வாயால சொன்னா நீ மழுப்பிடுவ. எழுது. நான் சொல்லிக் குடுத்த எழுத்துதான, படிச்சிக்குவா."

அதனால்தான் எழுதுகிறேன், கிளாரா. உன் விண்ணப்பத்தில் அந்த வரி இருக்க வேண்டுமா என்பது உன் இஷ்டம். அந்த வேலைக்குப் போகாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. போனால், விலை கேட்கப்படுகிற மனிதர் யார், யாருக்காக அந்த விலையைச் சொன்னார் என்று தாளில் எழுத இடம் இருக்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்.

அண்ணி அப்படிச் சொன்னதும் நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அண்ணன் வாசல்வரை வந்தார்.

"சொல்லாதன்னு சொன்னேன் இல்ல?"

"மன்னிச்சிடுணா."

"இத்தினி வருசம் ஆசக்காரன்னு திட்டு வாங்கினேன், பழகிட்டுது. இனிமே மறைச்சவன்னு வாங்கணும். அதையும் நான்தான்டா வாங்கணும்" என்றார். சிரிக்க முயன்றார். வரவில்லை. என் பாரத்தை இறக்கிவிட வந்தவன், அதை அவர் வீட்டுக்குள்ளேயே இறக்கிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மணி இரண்டு இருக்கும். உள்ளே மீன் வறுபடும் வாசனை வந்துகொண்டிருந்தது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அண்ணி குரல் கொடுத்தார்.

"சாப்புட வாங்க."

அண்ணனை மட்டும்தான் கூப்பிட்டார்.